ரைன் நதிக்கரைக் கோட்டைகள்: கார் இல்லாமல் நான்கு நாட்கள், வழி சொல்லுங்கள்

நொய்யல்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் செப்டம்பர் (2026) நடுவில் நானும் என் மனைவியும் ஃபிராங்க்ஃபர்ட்டில் வேலை பார்க்கும் மகன் வீட்டுக்குச் செல்கிறோம். மகனுக்கு விடுப்பு இல்லை என்பதால், நாங்கள் இருவர் மட்டும் மூன்று இரவு, நான்கு பகல் ரைன் நதிப் பள்ளத்தாக்கில் தங்கி, கோப்ளென்ஸுக்கும் பிங்கனுக்கும் இடையிலுள்ள கோட்டைகளைப் பார்க்க எண்ணியிருக்கிறோம். எனக்குக் காரோட்டத் தெரியும் என்றாலும், அறுபத்தாறு வயதில் வலப்பக்கச் சாலையில் பழகிப் பார்க்கும் துணிவு இல்லை. ஆகவே ரயில், கப்பல், நடை ஆகிய மூன்றை மட்டுமே நம்பி வருகிறோம்.

இணையத்தில் படித்துப் பதினோரு கோட்டைகளை ஒரு பட்டியலாக எழுதி வைத்திருக்கிறேன். எந்த ஊரில் தங்குவது, கப்பலில் எந்தத் திசையில் போவது, பதினொன்றில் எவற்றை விடுவது என்று தெரியவில்லை. என் மனைவிக்கு இடது முழங்காலில் வலி உண்டு. சமதரையில் ஒரு மணி நேரம் நடப்பார். படி இறங்குவதுதான் சிரமம். இருவரும் சைவம். கையில் ஒரு நடுத்தரப் பெட்டியும் ஒரு தோள்பையும் இருக்கும்.

மைன்ஸ்வாசி எழுதியது:

வணக்கம் ஐயா. நான் மைன்ஸில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் இந்தப் பள்ளத்தாக்குக்குத்தான் அழைத்துப் போவேன். முதலில் அந்தப் பதினோரு கோட்டைப் பட்டியலை மடித்து வைத்துவிடுங்கள் என்று உரிமையோடு சொல்கிறேன். யுனெஸ்கோ 2002-இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்த இந்த 65 கிலோமீட்டர் நீளத்தில் நாற்பதளவு கோட்டைகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்குக் கீழே நின்று நிமிர்ந்து பார்ப்பதுதான் அழகு. மேலே ஏறிப் போனால் உணவகமோ, தனியாரின் பூட்டிய கதவோதான் இருக்கும். சாங்க்ட் கோவர்ஸ்ஹவுசனுக்கு மேலே நிற்கும் காட்ஸ் கோட்டை அப்படித் தனியாருடையதுதான். உள்ளே போய்ப் பார்க்க மூன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். மற்றவை கப்பலிலிருந்து தாமாகவே கண்ணில் படும்.

இடத்தின் அமைப்பு புரிந்தால் திட்டம் எளிது. இரு கரைகளிலும் தண்டவாளம் உண்டு. ஆனால் கோப்ளென்ஸ் முதல் மைன்ஸ் வரை ஆற்றின் குறுக்கே ஒரு பாலம்கூடக் கிடையாது. போப்பார்ட், சாங்க்ட் கோவர், கவுப், நீடர்ஹைம்பாக், பிங்கன் ஆகிய இடங்களில் கார்களையும் ஆட்களையும் ஏற்றிச் செல்லும் மிதவைப் படகுகள்தாம் பாலத்தின் வேலையைச் செய்கின்றன. கார் வைத்திருப்பவர்களும் அங்கே வந்து வரிசையில் நிற்கத்தான் வேண்டும் என்பதால், கார் இல்லாதவருக்கு இந்தப் பள்ளத்தாக்கில் பெரிய குறை ஒன்றுமில்லை.

தங்குவதற்கு நான் சொல்லும் ஊர் பாகராக். ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து மைன்ஸ் வந்து, அங்கிருந்து இடக்கரையில் செல்லும் ஆர்பி 26 வண்டியில் ஏறினால், காத்திருப்பையும் சேர்த்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம். ரயில் நிலையம், படகுத்துறை, மரச்சட்ட வீடுகள் கொண்ட பழைய தெரு ஆகிய மூன்றும் சில நிமிட நடைக்குள், சமதரையில் இருப்பதால், பெட்டியை உருட்டிக்கொண்டே போய்விடலாம். ஊருக்கு மேலே இருக்கும் ஷ்டாலெக் கோட்டையை 1689-இல் பிரெஞ்சுப் படை தகர்த்தது. இருபதாம் நூற்றாண்டில் திரும்பக் கட்டி இளைஞர் விடுதியாக்கியிருக்கிறார்கள். பெயர்தான் இளைஞர் விடுதி. எந்த வயதினரும் உறுப்பினர் அட்டை எடுத்துத் தங்கலாம். கோட்டையிலேயே தூங்கி எழுவது நல்ல அனுபவம் என்றாலும், செங்குத்தான படிகளில் பெட்டியோடு ஏற வேண்டும் என்பதால் உங்களுக்குக் கீழே ஊரில் உள்ள ஒரு விடுதியே நல்லது.

கப்பலின் திசையை நீரோட்டத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பிங்கனிலிருந்து கோப்ளென்ஸை நோக்கி வடக்கே ஓடுகிறது. பிங்கனுக்கு எதிர்க்கரையிலுள்ள ரூடெஸ்ஹைமிலிருந்து கோப்ளென்ஸ் வர ஏறத்தாழ நான்கு மணி நேரம். அதே தூரம் எதிர்நீரோட்டத்தில் ஆறு மணி நேரத்தைத் தாண்டும். கப்பலில் இறங்கி ரயிலில் ஏறித் திரும்புவதுதான் இங்கே வழக்கம். காலை வெயிலில் மேல்தளத்தில் உட்கார்ந்தால் கழுத்தை இரு பக்கமும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உள்ளே போய்ப் பார்க்க வேண்டிய மூன்று என் கணக்கில் இவை.

முதலாவது, கவுப் ஊருக்கு எதிரே ஆற்றின் நடுவே ஒரு பாறைத் தீவில் நிற்கும் ப்ஃபால்ஸ்கிராஃபென்ஸ்டைன். பவேரிய லுட்விக் மன்னர் 1327 வாக்கில் சுங்கம் வசூலிப்பதற்காகவே இதை எழுப்பினார். இதைப் பார்த்துவிட்டால் இந்த ஆற்றங்கரையில் இத்தனை கோட்டைகள் ஏன் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும்: சரக்கேற்றிய படகு எதுவும் பணம் கட்டாமல் நகர முடியாது. ஆற்றோட்டத்தை எதிர்கொள்ளும் தென்முனை, மிதந்து வரும் பனிக்கட்டிகளைப் பிளந்து விலக்குவதற்காகக் கப்பலின் மூக்கைப் போலக் கூராகக் கட்டப்பட்டிருக்கிறது. அருகில் நின்று அந்தக் கல்லைத் தொட்டுப் பாருங்கள். 1813-ஆம் ஆண்டின் கடைசி இரவில் பிரஷ்யத் தளபதி பிளூஹர் நெப்போலியனைத் துரத்திக்கொண்டு மிதவைப் பாலம் போட்டு ரைனைக் கடந்ததும் இந்தத் தீவின் வழியாகத்தான். கரையிலிருந்து ஒரு சிறு படகு கூட்டிப் போகும். மலையேற்றம் இல்லை; உள்ளே மட்டும் குறுகலான படிகள் உண்டு.

இரண்டாவது, சாங்க்ட் கோவருக்கு மேலே உள்ள ரைன்ஃபெல்ஸ். 1245-இல் காட்ஸனெல்ன்போகன் பிரபு ஒருவர் கட்டத் தொடங்கியது. அவர் சுங்கத்தைக் கூட்டியதால் வெகுண்ட ரைன் நகரங்கள் 1255-இல் ஒன்றுசேர்ந்து ஓராண்டுக்கு மேல் முற்றுகையிட்டும் கோட்டை விழவில்லை. 1692-இல் பதினான்காம் லூயியின் படைக்கும் விழவில்லை. அப்படிப்பட்ட கோட்டையை 1794-இல் போரிடாமலே பிரெஞ்சுப் புரட்சிப் படையிடம் ஒப்படைத்தார்கள். பிறகு அவர்கள் வெடி வைத்துத் தகர்த்தார்கள். இன்று பார்ப்பது பெரும் இடிபாடு. அடியில் குனிந்து செல்ல வேண்டிய சுரங்கப் பாதைகள் இருப்பதால் கைவிளக்கு அவசியம்.

மூன்றாவது, பிரவ்பாக் ஊரின் மார்க்ஸ்பர்க். இந்தப் பகுதியின் மலைக்கோட்டைகளில் ஒருபோதும் அழிக்கப்படாமல் நிற்பது இது ஒன்றுதான். வலக்கரை ரயிலில் பிரவ்பாக் நிலையத்தில் இறங்கி மேலே நடக்கலாம்.

பொன்னி எழுதியது:

மைன்ஸ்வாசி சொன்னவற்றில் ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். வலக்கரைத் தண்டவாளத்தை 2026 ஜூலை 10 முதல் டிசம்பர் 12 வரை முழுவதுமாக மூடிப் புதுப்பிக்கப் போவதாக ஜெர்மன் ரயில்வே அறிவித்திருக்கிறது. நீங்கள் செல்வது செப்டம்பரில் என்பதால், கவுப், பிரவ்பாக், ரூடெஸ்ஹைம் ஆகிய வலக்கரை நிலையங்களுக்கு ரயிலுக்குப் பதிலாகப் பேருந்துதான் ஓடும். சரக்கு ரயில்களும் இடக்கரைக்குத் திருப்பப்படும். ரோட்டர்டாமிலிருந்து இத்தாலி வரை செல்லும் சரக்குப் பாதை இது. சாதாரண நாளிலேயே இரவெல்லாம் வண்டிகள் போய்க்கொண்டிருக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் பெற்றோரை அழைத்துப் போனபோது, "ஆற்றைப் பார்த்த அறை" என்று விளம்பரம் செய்திருந்த ஒரு விடுதியில் கூடுதல் பணம் கொடுத்துத் தங்கினோம். ஆற்றுக்கும் எங்கள் சன்னலுக்கும் நடுவே தண்டவாளம் இருந்ததை அந்த விளம்பரம் சொல்லவில்லை. மேசை மேலிருந்த கண்ணாடிக் குவளை ஒவ்வொரு வண்டிக்கும் கிணுகிணுவென்று அதிர்ந்ததை அம்மா இன்றும் சொல்லிச் சிரிப்பார், அன்றிரவு சிரிக்கவில்லை. ஆகவே பின்பக்கத்து அறையைக் கேட்டு வாங்குங்கள்.

மார்க்ஸ்பர்க்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள்; ஏறத்தாழ ஐம்பது நிமிடம். நுழைந்தவுடன் குதிரைகள் ஏறுவதற்காகப் பாறையிலேயே வெட்டிய படிகள் வரும். ஒன்றுபோல் ஒன்று இல்லாமல், தேய்ந்து, மழை நாளில் சோப்புப் போட்டதுபோல் வழுக்கும். என் அப்பா நல்ல முழங்கால் உள்ளவர்; அவரே என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். படி இறங்குவதுதான் சிரமம் என்று நீங்கள் எழுதியிருப்பதால் அம்மையாருக்கு இது வேண்டாம் என்பதே என் கருத்து. அங்கிருக்கும் பெரிய சமையலறையும், ஆற்றைக் குறிபார்த்து நிற்கும் பீரங்கிகளும் பார்க்க வேண்டியவை என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. நீங்கள் மட்டும் போய் வரலாம்.

சாப்பாடு: செப்டம்பரில் வெங்காய அப்பம் எங்கும் கிடைக்கும். பெயரை நம்பி வாங்கிவிடாதீர்கள். பெரும்பாலும் அதில் பன்றிக்கொழுப்புத் துண்டுகளைப் போடுவார்கள். ஃபிளாம்குகன் எனும் மெல்லிய அப்பமும் அப்படியே. "ஓனே ஷ்பெக்" என்று சொல்லிக் கேட்டால் அது இல்லாமல் சுட்டுத் தருவார்கள்.

மோசெல் ஆற்றுப் பக்கத்து எல்ட்ஸ் கோட்டையையும் சேர்க்கலாம் என்று யாராவது சொல்வார்கள். பழைய 500 மார்க் நோட்டில் இருந்த கோட்டை, பேரழகு, மறுக்கவில்லை. ஆனால் அது வேறொரு ஆறு, வேறொரு பயணம்.

நொய்யல்கரை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. ரயில் பாதை மூடப்படும் செய்தி தெரியாமல் போயிருந்தால் கவுப் நிலையத்தில் இறங்க முடியாமல் விழித்திருப்போம். பட்டியலை மடித்து வைத்துவிட்டேன் (மனைவிக்கு அதில் பெரும் மகிழ்ச்சி). இப்போது என் மனத்தில் உள்ளது இது: முதல் நாள் பாகராக் சென்று ஊரைச் சுற்றுவது, இரண்டாம் நாள் கவுப் தீவுக் கோட்டையும் ரைன்ஃபெல்ஸும், மூன்றாம் நாள் மார்க்ஸ்பர்க், நான்காம் நாள் திரும்புவது. ரயில் இல்லாமல் கவுப்புக்கு எப்படிப் போவது? மகன், ஜெர்மனி முழுவதற்குமான மாதச் சீட்டை எடுக்கச் சொல்கிறான். அது நான்கு நாட்களுக்குத் தேவையா?

மைன்ஸ்வாசி எழுதியது:

பொன்னி சொன்னது சரி. வழக்கமான ஆண்டின் நினைப்பிலேயே எழுதிவிட்டேன், திருத்தியதற்கு நன்றி.

கவுப்புக்குக் கப்பலிலேயே போய்விடுங்கள். பாகராக் துறையில் காலைக் கப்பலில் ஏறினால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் கவுப். தீவைப் பார்த்துவிட்டு அடுத்த கப்பலில் ஏறினால், ஓபர்வேசலின் மதில்களைத் தாண்டி, 132 மீட்டர் உயரத்தில் நிற்கும் லோரலைப் பாறையின் வளைவில் திரும்பி சாங்க்ட் கோவரில் இறங்குவீர்கள். இந்தப் பகுதிதான் பள்ளத்தாக்கின் உயிர்நாடி. கோட்டைக்கு ஏற நடந்தால் இருபது நிமிடம்; மனைவியோடு போவதால் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வாடகைக் கார் வைத்துக்கொள்ளுங்கள், அதைக் கார்ப் பயணம் என்று யாரும் குறை சொல்ல மாட்டார்கள். சுரங்கப் பாதைகளுக்கு அவர் வர வேண்டாம். முற்றத்திலிருந்தே ஆறு நன்றாகத் தெரியும். திரும்புவதற்கு இடக்கரை ரயில்.

ஒரு முன்னெச்சரிக்கை உண்டு. தீவுக்குச் செல்லும் சிறு படகு வெள்ளத்திலும் ஓடாது, ஆறு மிகவும் வற்றினாலும் ஓடாது. ரைன் கப்பல்காரர்கள் நாள்தோறும் பார்க்கும் நீர்மட்ட அளவுகோல் இருப்பதும் இதே கவுப்பில்தான். 2018 அக்டோபரில் அது 25 சென்டிமீட்டருக்கு இறங்கியது. அளவுகோலில் உள்ள எண் ஆற்றின் முழு ஆழம் அல்ல. கப்பல் செல்லும் தடத்தில் அதைவிட அதிக ஆழம் இருக்கும். முந்தைய நாள் மாலை நீர்மட்டத்தை இணையத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். திங்கட்கிழமை தீவுக் கோட்டைக்கு விடுமுறை என்பதால் இரண்டாம் நாள் திங்களாக வராதபடி கிழமையை அமைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் ரயிலில் போப்பார்ட் சென்று, அங்கிருந்து கப்பலில் பிரவ்பாக். ரயில் போப்பார்ட்டை நெருங்கும்போது, எதிரே வலக்கரைக் குன்றின் மேல் ஒரு தடுப்புச் சுவரை நடுவே வைத்துக்கொண்டு இரண்டு கோட்டைகள் முறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்ப்பீர்கள். ஷ்டெரென்பர்க், லீபென்ஷ்டைன் என்று பெயர். ஊர்க்கதை அவற்றைப் "பகைச் சகோதரர்கள்" என்கிறது. நீங்கள் மார்க்ஸ்பர்க் ஏறும்போது மனைவி பிரவ்பாக் கடைத்தெருவில் காபியோடு உட்கார்ந்திருக்கலாம். பிறகு லான்ஷ்டைன் வழியாகக் கோப்ளென்ஸுக்குப் பேருந்து, அங்கிருந்து ரயிலில் பாகராக். இது சற்று நீண்ட நாள்தான். காலையில் சோர்வாக இருந்தால் தயங்காமல் கைவிட்டுவிட்டு, ஆற்றங்கரைப் பெஞ்சில் உட்கார்ந்து எதிர்நீரோட்டத்தில் மூச்சுவாங்கி ஏறும் சரக்குப் படகுகளைப் பாருங்கள். நான் பல ஞாயிற்றுக்கிழமைகளில் செய்வது அதுதான்.

பொன்னி எழுதியது:

மாதச் சீட்டு பற்றி: 2026-இல் அதன் விலை ஆளுக்கு 63 யூரோ. விரைவு ரயில்களில் செல்லாது, கப்பலிலும் செல்லாது. உள்ளூர் ரயில், பேருந்து, ஃபிராங்க்ஃபர்ட் டிராம் வரை எல்லாவற்றிலும் செல்லும். மகன் வீட்டில் அந்த மாதம் முழுவதும் இருப்பீர்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். ஆனால் அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் சந்தா. அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் பணம் எடுத்துவிடுவார்கள். வாங்கிய அன்றே மகனைக் கொண்டு ரத்து செய்தாலும் அந்த மாதம் முழுக்கச் செல்லும். நான்கு நாள் மட்டும் என்றால், ரைன்லாந்து-ஃபால்ஸ் மாநில ஒருநாள் சீட்டு இருவருக்கும் சேர்த்து ஒன்றாகக் கிடைக்கும், வார நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகு. ஃபிராங்க்ஃபர்ட் ஹெசன் மாநிலத்தில் இருப்பதால் முதல் நாளுக்கும் கடைசி நாளுக்கும் அது போதாது. அந்த இரண்டுக்கும் தனிச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.