மெலனோமா (ஒரு வகைத் தோல் புற்றுநோய்) மூளைக்குப் பரவினால் எதை முதலில் கேட்பது?

கோபிக்காரன்: ஏனுங்க, உள்ளங்கால் மெலனோமா மூளைக்குப் பரவிருச்சு. எம்ஆர்ஐ-ல 3 கட்டி, பெருசு 14 மி.மீ. தலைவலி, வலிப்பு இல்லீங்க. கோயமுத்தூர் டாக்டர்கிட்ட என்ன கேக்கோணும்?

மஞ்சக்காடு: மொதல்ல பிராஃப் வி600 டெஸ்ட்டுங்க, கட்டியில அந்த மரபணு மாற்றம் இருக்கான்னு பாக்குறது. உள்ளங்கால் வகையில கம்மிதான். இருந்தா டாப்ராஃபெனிப், டிராமெட்டினிப் மாத்திரை சீக்கிரம் சுருக்கும். மூளையில அந்தப் பலன் ரொம்ப நாள் நிக்காது.

நொய்யல்: அறிகுறி இல்லாட்டி இம்யூனோதெரபி கேளுங்க, நம்ம நோய் எதிர்ப்பு சக்தியத் தூண்டி விடற மருந்து. இபிலிமுமாப் உடம்பு எடை கிலோவுக்கு 3 மி.கி., நிவோலுமாப் 1 மி.கி.; மூணு வாரத்துக்கொருக்கா, 4 தடவை. தேவையில்லாம டெக்சாமெத்தசோன் (வீக்கம் குறைக்கற ஸ்டீராய்டு) போட்டா இம்யூனோதெரபி மந்தமாயிரலாம். மூளையில வீக்கம் அழுத்துனா அந்த ஸ்டீராய்டு வேணும். திடீர்னு நிறுத்தவும் கூடாது. இம்யூனோதெரபி எடுக்கறப்ப பேதியாச்சுன்னா மோர் குடிச்சுட்டு உக்காராதீங்க, குடல் அழற்சியா இருக்கலாம். அன்னைக்கே டாக்டருக்குச் சொல்லுங்க.

சிறுவாணி: 3 கட்டிதானே, ஸ்டீரியோடாக்டிக் ரேடியேஷனும் (கட்டிய மட்டும் குறி வெச்சுக் குடுக்கற கதிர்வீச்சு) கேளுங்க. இந்த அளவுக்குப் பெரும்பாலும் ஒரே தடவைதான். முழு மூளைக்கும் குடுத்தா மறதி வரலாம்.