அம்மாவின் ரத்தத்தில் 'எம் பேண்ட்', இதயத்துக்கு ஆபத்தா?

பாலக்கோடு_தக்காளி:
அம்மாவுக்கு 63 வயது. கை மரத்துப் போகிறது என்று தருமபுரியில் காட்டினோம். டாக்டர் எழுதிய டெஸ்டுகளில் ரத்தப் புரோட்டீன்களைப் பிரித்துப் பார்க்கும் எலக்ட்ரோபோரெசிஸும் ஒன்று, அதில் 'எம் பேண்ட் 0.7 கிராம்' என்று வந்திருக்கிறது. ரத்த நோய் டாக்டர் பார்த்துவிட்டு இது கேன்சர் இல்லை, எம்ஜியூஎஸ், அதாவது கேன்சர் ஆகாமல் எம் பேண்ட் மட்டும் இருக்கிற நிலை, ஆறு மாதம் கழித்து வாங்க என்று அனுப்பிவிட்டார். நெட்டில் தேடினால் ஹார்ட் ஃபெயிலியர் வரைக்கும் போகிறது. இதில் பக்கத்து வீட்டு அத்தை வேறு 'புரோட்டீன் கூடிப்போச்சாமே' என்று சொன்னதிலிருந்து அம்மா முட்டை, பருப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெறும் களியும் கீரையுமாக இருக்கிறார். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

ஓசூர்_லேப்காரன்:
முதலில் அம்மாவுக்குப் பருப்பைப் போடுங்க தம்பி. இது சாப்பாட்டுப் புரோட்டீனே இல்லை. எலும்பு மஜ்ஜையில் ஆன்டிபாடி தயாரிக்கிற பிளாஸ்மா செல் கூட்டத்தில் ஒன்று மட்டும் பெருகி, ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஒரே ஆன்டிபாடியைக் கொட்டிக்கொண்டே இருக்கும், அதுதான் எம் புரோட்டீன். ரிப்போர்ட்டில் இருக்கும் கிராஃபைப் பாருங்க, வலது கோடியில் தாழ்வான மேடாக இருக்க வேண்டிய இடத்தில் ஊசி மாதிரி ஒரு முனை நிற்கும். 50 வயது தாண்டியவர்களில் 100க்கு சுமார் 3 பேருக்கு இது இருக்கிறது என்பது அமெரிக்கக் கணக்கு. மைலோமா என்கிற மஜ்ஜைப் புற்றுநோயாக மாறுவது வருடத்துக்கு 1 சதவீதம் போல.

காவேரிப்பட்டணம்_மாங்கா:
எங்கள் அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது, அதனால் பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதீங்க. அந்த ஆன்டிபாடியின் ஒரு துண்டு, லைட் செயின் என்பார்கள், சிலருக்கு மடங்கிப்போய் இதயத் தசையில் படிந்துவிடும். அமிலாய்டு. தசை விறைத்துவிடும். அப்பாவுக்கு எக்கோவில் சுவர் தடித்திருக்கிறது என்று வந்தது, பிபியால் வந்த தடிப்பு என்று ஒரு இடத்தில் எட்டு மாதம் மாத்திரை கொடுத்தார்கள், அதைப் போட்டால் எழுந்து நிற்கும்போதே தலை சுற்றி உட்கார்ந்துவிடுவார். சுவர் அவ்வளவு தடித்தும் ஈசிஜியில் அலைகள் குட்டிகுட்டியாக இருந்தன. அந்தப் பொருத்தமின்மையைப் பார்த்துத்தான் வேலூரில் சந்தேகப்பட்டார்கள். அம்மாவுக்கு எந்த விரல்கள் மரத்துப் போகின்றன? ராத்திரியிலா?

பாலக்கோடு_தக்காளி:
கட்டை விரல், ஆள்காட்டி, நடு விரல். ரெண்டு கையிலும். தூக்கத்தில் எழுந்து உதறுவார்.

காவேரிப்பட்டணம்_மாங்கா:
அது மணிக்கட்டில் நரம்பு அழுந்துவது. தக்காளி பறிக்கிற கைக்கு, வயதுக்கு, சுகருக்கு என்று எதற்கும் வரும், அமிலாய்டிலும் வரும். ஆறு மாதம் காத்திருக்காமல் இதை டாக்டரிடம் சொல்லுங்க. ரத்தத்தில் ஃப்ரீ லைட் செயின் அளவு, இதயத்தின் சுமையைக் காட்டும் என்டி-புரோபிஎன்பி, ஈசிஜி, எக்கோ எடுக்கலாமா என்று கேளுங்க. சிறுநீர் நுரைக்கிறதா, கால் வீங்குகிறதா, அதையும் சேர்த்து.

ஓசூர்_லேப்காரன்:
சரியான யோசனை. அமிலாய்டு அபூர்வம்தான். அது இல்லாமலும் எம்ஜியூஎஸ் இருப்பவர்களுக்கு ரத்தக்குழாய் அடைப்பு கொஞ்சம் கூடுதல் என்று ஸ்வீடன் பதிவேடுகளை வைத்து 2010இல் ஒரு ஆய்வு வந்தது. ஆனால் வேறு நோய்க்கு டெஸ்ட் எடுக்கும்போதுதான் இது பெரும்பாலும் மாட்டுகிறது, அதனால் எம் பேண்டையே முழுக் குற்றவாளியாக்க முடியாது. பிபி, சுகர், கொழுப்பைக் கட்டுக்குள் வைப்பதுதான் கையில் இருக்கிற வேலை.

பாலக்கோடு_தக்காளி:
திங்கட்கிழமை கூட்டிப் போகிறேன் அண்ணே. லைட் செயினுக்கு வெறும் வயிறா?

ஓசூர்_லேப்காரன்:
தேவையில்லை. முட்டை சாப்பிட்டுவிட்டே வரச் சொல்லுங்க.