8 அங்குலத் தொலைநோக்கியில் செம்பெயர்ச்சி அளக்கலாமா?

தலவாக்கலை: 8 அங்குல நியூட்டோனியன், 3.75 மைக்ரோமீற்றர் பிக்சல் கமரா, மில்லிமீற்றருக்கு 100 கோடுள்ள கிரேட்டிங் (ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் தகடு) இருக்கின்றன. பாடசாலை வானியல் கழகத்துக்காக ஒரு செம்பெயர்ச்சியை (பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலைநீளம் சிவப்புப் பக்கம் நீளும் அளவு) அளந்து, அதை வைத்தே ஹபிள் மாறிலியையும் (விலகும் வேகத்தைத் தூரத்தால் வகுத்தால் வரும் எண்) எடுக்க வேண்டும். எதைப் பார்ப்பது?

பண்டாரவளை: 3சி 273 என்ற குவாசர் (மிகத் தொலைவில் உள்ள ஒரு விண்மீன் மண்டலத்தின் பிரகாசமான மையம்). கன்னி ராசியில், பிரகாச அளவு சுமார் 12.9 (எண் கூடினால் மங்கல்); நமக்கு உச்சிக்குக் கிட்டவே ஏறும். 1963இல் வானியலாளர் மார்ட்டன் ஷ்மித் குவாசரின் செம்பெயர்ச்சியை இனங்கண்டது இதில்தான்.

கிரேட்டிங்குக்கும் சென்சருக்கும் 40 மில்லிமீற்றர் இடைவெளி விட்டால் பிக்சலுக்கு 0.94 நனோமீற்றர் வரும். முதலில் உத்திரத்தை (டெனிபோலா) எடுங்கள். அதன் ஐதரசன் கருங்கோடுகள்தான் உங்கள் அளவுகோல். பிறகு கமராவைத் தொலைநோக்கியில் சுழற்றாமல் குவாசரை 30 செக்கன் வீதம் 60 படம் எடுத்து அடுக்குங்கள். குவாசரில் ஐதரசன் பீட்டா என்ற ஒளிக்கோடு 486.1இல் இருந்து 563 நனோமீற்றருக்குப் போயிருக்கும்: 82 பிக்சல், செம்பெயர்ச்சி 0.158. 2 பிக்சல் பிசகினால் 0.004 பிழை.

ஐதரசன் அல்பா கோடு இன்னும் பிரகாசம், ஆனால் அதை நம்பாதீர்கள். அது வந்து விழுவது 760இல். நம் வளிமண்டல ஒட்சிசன் ஒளியை விழுங்கும் இடமும் அதுவே. முகடு கடிபட்டு நடுப்புள்ளி தவறிவிடும்.

போயா விடுமுறைதானே என்று பங்குனி உத்திரத்தன்று தொடங்க வேண்டாம். முழுநிலா அந்தப் பக்கத்திலேயே நிற்கும். மாசி அமாவாசையை ஒட்டிய இரவுகள் நல்லவை.

தலவாக்கலை: நன்றி அண்ணா. 0.158ஐ ஒளிவேகத்தால் பெருக்கினால் செக்கனுக்கு 47,400 கிலோமீற்றர். இதிலிருந்து மாறிலி வருமா?

ஹட்டன்: வராது தம்பி. தூரம் தனியாகத் தெரிய வேண்டும். 70 என்று மாறிலியை வைத்துத் தூரம் கண்டு, அதே தூரத்தால் மாறிலி கண்டால் போட்ட 70தான் திரும்ப வரும். 0.158ஐ வேகமாகப் படிப்பதைவிட, 1ஐ 1.158ஆல் வகுத்துப் பாருங்கள். அந்த ஒளி புறப்பட்டபோது பிரபஞ்சத்தின் இடைவெளிகள் இன்றுள்ளதில் 86 வீதம். இதற்கு எந்த மாறிலியும் வேண்டாம்.

மாறிலிதான் வேண்டுமென்றால் செம்பெயர்ச்சி 0.02 அளவில் ஒரு 1ஏ வகை மீயொளிர் விண்மீன் (உச்சப் பிரகாசம் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும் வெடிப்பு) வெடிக்கும்வரை காத்திருங்கள். உச்சத்தில் சுமார் 15.4 பிரகாசம்; உங்கள் கமராவுக்கு எட்டும். அதைவிடக் கிட்ட வேண்டாம், விண்மீன் மண்டலங்களின் சொந்த ஓட்டமே சில நூறு கிலோமீற்றர். அதன் உண்மைப் பிரகாசம் −19.3 என்பதை செபீட் விண்மீன்களை (துடிக்கும் காலத்திலிருந்து உண்மைப் பிரகாசம் தெரிபவை) வைத்துக் கண்டிருக்கிறார்கள், அதைக் கடன் வாங்கத்தான் வேண்டும். மாறிலி 73ஆ 67.4ஆ என்று வெவ்வேறு முறைகளால் அளந்தவர்களிடையே நடக்கும் வழக்கு முழுவதும் 0.17 பிரகாச அளவுக்குள் அடங்கும். மெல்லிய மூடுபனி அதைவிட அதிகம் மங்கச் செய்யும். ஆகவே ஒப்பீட்டு விண்மீன்கள் அதே படத்திலேயே இருக்கட்டும்.