அண்ணனை எங்கே தங்க வைப்பது?

கேள்வி (பாலக்கோடு): அண்ணனுக்கு மனச்சிதைவு. மாத்திரையால் இப்போது தெளிவாக இருக்கிறார், ஆனால் அம்மா இறந்த பிறகு கூட இருக்க ஆளில்லை, வாடகைக்குக் கேட்டால் விஷயம் தெரிந்ததும் கதவைச் சாத்துகிறார்கள். காப்பகம்தான் வழியா?

பதில் 1: இல்லைங்க. 2017 மனநலச் சட்டத்தின் 19ஆம் பிரிவு சமூகத்தோடு வாழும் உரிமையைத் தருகிறது. 1993இல் சென்னையில் தொடங்கிய பான்யன் அமைப்பு, 'ஹோம் அகெய்ன்' திட்டத்தில் நாலைந்து பேரைச் சாதாரணத் தெரு வீட்டில் துணைப் பணியாளரோடு குடிவைக்கிறது. முதலில் மாவட்ட மனநலத் திட்டக் குழுவிடம் கேளுங்கள், அரசின் மனநல உதவி எண் 14416க்கும் இலவசமாகப் பேசலாம்.

பதில் 2 (கிருஷ்ணகிரி): என் சித்தி அப்படி ஒரு வீட்டில்தான் இருக்கிறார். வருடக்கணக்கில் வாயே திறக்காதவர், போன மாதம் ராகிக் களி கிண்டி, கீரை கடைந்து, "சாப்பிட்டுட்டுப் போப்பா" என்றார். இடுப்பில் அலமாரிச் சாவி.

கேட்டவர்: சரிங்க. திங்கட்கிழமையே அண்ணனைக் கூட்டிக்கொண்டு அந்த மாவட்டக் குழுவிடம் போகிறேன்.