மருந்து அடிப்பவர்களுக்கும் மிஷின் பிடிப்பவர்களுக்கும் எந்த மருத்துவப் பரிசோதனை எடுக்க வேண்டும்?

குத்தகைக்காரர் மகள், சுங்கை சிப்புட், மலேசியா:

வணக்கம். அப்பா விட்டுப்போன குத்தகையை மூன்று வருடமாக நான் பார்க்கிறேன். செம்பனைத் தோட்டங்களில் புல் வெட்டுவது, மருந்து அடிப்பது. மொத்தம் 7 பேர். நான்கு பெண்கள் முதுகில் பம்பு சுமக்கிறார்கள், மூன்று பேர் புல் வெட்டும் மிஷின். அந்த மூவரில் இருவர் வங்காளதேசத்துப் பையன்கள்.

போன வாரம் தோட்டத்து ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. ஆட்களுக்கு வேலை சார்ந்த மருத்துவப் பரிசோதனைப் பதிவு இருந்தால்தான் அடுத்த வருடக் குத்தகையாம். டவுனில் ஒரு கிளினிக்கில் விசாரித்தேன். ஒரு தாளைக் கொடுத்தார்கள்: ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீர், எக்ஸ்ரே. ஏழு பேருக்கும் அதே பட்டியல். எனக்கு மனம் ஒப்பவில்லை.

எங்கள் மூத்த அக்கா 22 வருடமாக மருந்து அடிக்கிறார். பம்பு வார் அழுத்தி அழுத்தி இரண்டு தோளும் கறுத்துத் தடித்துவிட்டன. மத்தியானம் சோற்றுப் பொட்டலத்து ரப்பர் பேண்டைக் கழற்றும்போது விரல் நடுங்குகிறது. பக்கத்தில் இருப்பவர்தான் கழற்றிக் கொடுக்கிறார். மிஷின் பிடிக்கும் அண்ணனை மூன்று தரம் கூப்பிட்டால்தான் திரும்புகிறார். சர்க்கரை பார்த்தால் இதெல்லாம் தெரியுமா?

பரிசோதனை என்று சொன்னதும் அக்கா கேட்டது இதுதான்: "பார்த்துட்டு ஆகாதுன்னு சொல்லிட்டா என் பொழப்பு என்னம்மா ஆகும்?" எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய டிரெசர்:

தங்கச்சி, நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் 31 வருடம் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்தவன். நீங்கள் சந்தேகப்பட்டது சரி. அந்தத் தாளில் இருப்பது பொதுப் பரிசோதனை. அதுவும் நல்லதுதான், ஆனால் தோட்டம் கேட்பது அதுவல்ல. ஆள் என்ன வேலை செய்கிறார், உடம்புக்குள் எது போகிறது என்று பார்த்த பிறகுதான் என்ன சோதிப்பது என்று முடிவு செய்ய முடியும்.

அதனால் கிளினிக்குக்குப் போகுமுன் ஸ்டோருக்குப் போங்கள். எந்தெந்த மருந்து அடிக்கிறார்கள் என்று ஒவ்வொரு போத்தலின் லேபிளையும் படம் எடுங்கள். மேலே உள்ள வியாபாரப் பெயர் போதாது, கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்தான் வேண்டும். கிளைபோசேட் மாதிரி புல் மருந்து மட்டும் என்றால் கோலினெஸ்டரேஸ் ரத்தச் சோதனை எதையும் காட்டாது, காசுதான் வீண். உலாட் புங்குஸ் என்ற இலை தின்னும் பைப்புழு வந்த மரங்களில் துளை போட்டு ஊற்றும் மெத்தமிடோபோஸ், அசிபேட் வகை என்றால் அந்தச் சோதனை கட்டாயம் வேண்டும். நரம்பு வேலை செய்யத் தேவையான கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை அந்த மருந்துகள் முடக்கும்.

இன்னொன்று. அந்த நொதியின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். அதனால் மருந்தைத் தொடாமல் இருக்கும் காலத்தில் ஒரு தரம் ரத்தம் எடுத்து வைக்க வேண்டும். பிறகு எடுப்பதை அவரவருடைய அந்தப் பழைய அளவோடுதான் ஒப்பிட வேண்டும். எங்கள் காலத்தில் யாரும் அப்படி எடுத்து வைக்கவில்லை. மருந்து அடித்துவிட்டு வந்து, வாயில் எச்சில் ஒழுக, கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கி பெஞ்சில் சாய்ந்து கிடந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தாள் கிடையாது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

அக்காவின் விரல் நடுக்கத்துக்குத் தோட்டத்துப் பரிசோதனை வரை காத்திருக்காதீர்கள். காரணம் மருந்தாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். இந்த வாரமே அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள். என்ன வேலை, எத்தனை வருடம் என்று டாக்டரிடம் கூடவே சொல்லுங்கள். டாக்டர் கேட்காவிட்டால் அக்காவாகச் சொல்ல மாட்டார்.

பாதுகாப்பு அதிகாரி, ஈப்போ:

டிரெசர் ஐயா சொன்னதோடு சட்டப் பக்கத்தையும் சேர்க்கிறேன். ரசாயனத்துக்கு 2000ஆம் ஆண்டு விதிமுறைகள் இருக்கின்றன. ஜேகேகேபியில், அதாவது அரசாங்கத்தின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் துறையில், பதிந்த மதிப்பீட்டாளர் முதலில் ரசாயன ஆபத்து மதிப்பீடு செய்வார். யாருக்கு மருத்துவக் கண்காணிப்பு வேண்டும் என்பது அந்த அறிக்கையில் இருக்கும். தோட்டத்திடம் அந்த அறிக்கை ஏற்கனவே இருக்க வாய்ப்புண்டு. உங்கள் ஆட்களின் வேலை அதில் வருகிறதா என்று பார்க்க ஒரு பிரதி கேளுங்கள். கடிதம் அனுப்பியவர்கள் அதைக் கொடுப்பதுதான் முறை.

கண்காணிப்பு வேண்டும் என்றிருந்தால் எந்த டாக்டரிடமும் போக முடியாது. ஜேகேகேபியில் பதிந்த தொழில்சார் சுகாதார மருத்துவர்தான் செய்ய வேண்டும். பட்டியல் அவர்களுடைய இணையத்தளத்தில் கிடைக்கும். வருடம் ஒரு தரமாவது செய்ய வேண்டும், பதிவை 30 வருடம் வைத்திருக்க வேண்டும்.

மிஷினுக்கு 2019 இரைச்சல் விதிமுறைகள். 8 மணி நேர வேலைக்கு வரம்பு 85 டெசிபெல். 3 டெசிபெல் கூடினாலே ஒலியின் ஆற்றல் இரு மடங்கு. வரம்பைத் தாண்டினால் காது பரிசோதனை கட்டாயம். முதல் சோதனைக்கு முன் குறைந்தது 14 மணி நேரம் மிஷின் சத்தமே காதில் விழக்கூடாது, அதனால் காலையிலேயே கூட்டிப் போங்கள். வங்காளதேசத்துப் பையன்களுக்கு ஃபோமேமா (வெளிநாட்டுத் தொழிலாளர் மருத்துவச் சோதனை) முடிந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். அது பெர்மிட்டுக்காக, தொற்றுநோய் போன்றவற்றைப் பார்ப்பது.

செலவு உங்களுடையது. 1994 தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி இதற்காகத் தொழிலாளியிடம் காசு வாங்கவோ சம்பளத்தில் பிடிக்கவோ கூடாது. 2024 ஜூன் 1 முதல் அதன் திருத்தச் சட்டமும் நடப்பில் இருக்கிறது. 5 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் ஒரு பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளரை நியமிக்க வேண்டும். உங்களிடம் 7 பேர்.

அக்காவின் கேள்விக்கு: ஆகாது என்று டாக்டர் சொன்னால் அந்த மருந்து வேலையிலிருந்து அவரை நீங்கள் எடுத்தே ஆக வேண்டும். ஆனால் டாக்டர் சொல்வது மருந்தைத் தொடக்கூடாது என்பதைத்தான். வேலையை விட்டு நிறுத்தச் சொல்வதாக யாரும் அதை அர்த்தம் பண்ணக்கூடாது. உடம்பு சரியாகி டாக்டர் சம்மதம் தந்ததும் பழைய வேலைக்கே திரும்பலாம்.

மிஷின்காரர் மனைவி:

அக்கா, என் வீட்டுக்காரர் 15 வருடம் மிஷின் பிடித்தார். முதலில் டிவி சத்தம் கூடியது. அப்புறம் ராத்திரியில் காதுக்குள் சில்வண்டு கத்துகிறது என்றார். டாக்டர் காட்டிய காதுச் சோதனைக் கோட்டில் 4000 ஹெர்ட்ஸ் என்ற இடத்தில் மட்டும் பள்ளம் விழுந்திருந்தது. சத்தத்தால் வந்தது, போனது திரும்பாது என்றார். உங்கள் அண்ணனை சீக்கிரம் கூட்டிப் போங்கள். நாங்கள் பெர்கேசோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) மனுப் போட்டிருக்கிறோம். எத்தனை வருடம் எங்கே வேலை செய்தார் என்பதற்குத் தாள் தேடித்தான் அலைகிறோம்.

குத்தகைக்காரர் மகள்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஸ்டோரைத் திறந்து லேபிள்களைப் படம் எடுத்தேன். இரண்டு புல் மருந்து. மூன்றாவது, மூலையில் பாதி காலியான போத்தல், அசிபேட். ஏழு மாதத்துக்கு முன் பத்து நாள் மரத்தில் துளை போடும் வேலை நடந்தது. ஊற்றியது அக்காவும் இன்னொரு பெண்ணும். கையுறை கொடுத்தேன்; வியர்வையில் வழுக்குகிறது என்று கழற்றிவிட்டார்கள், நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

டிரெசர் ஐயா, ஏழு மாதமாகத் தொடவில்லை என்றால் இப்போது எடுக்கும் ரத்தத்தை அந்த முதல் அளவாக வைத்துக்கொள்ளலாமா?

பழைய டிரெசர்:

வைத்துக்கொள்ளலாம் தங்கச்சி. அந்த நொதி சில மாதத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். அடுத்த துளை வேலைக்கு முன் எடுத்துவிடுங்கள்.

குத்தகைக்காரர் மகள்:

சரி ஐயா. தோட்டத்து ஆபீஸில் அறிக்கையின் பிரதி கேட்டுக் கடிதம் கொடுத்துவிட்டேன். ஈப்போவில் பட்டியலில் உள்ள டாக்டரிடம் வியாழக்கிழமை காலை ஏழு பேருக்கும் நேரம் வாங்கியிருக்கிறேன். புதன்கிழமை மிஷின் வேலை கிடையாது, மூன்று பேருக்கும் சம்பளம் உண்டு. அக்காவை இன்று காலை அரசாங்கக் கிளினிக்குக்கு நானே கூட்டிப் போனேன். 22 வருடம் என்று சொன்னதும் டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். நரம்பு டாக்டரிடம் காட்டக் கடிதம் கொடுத்திருக்கிறார். அதுவரை பம்பு வேண்டாம், நாற்று மேடையில் களை பிடுங்குங்கள், அதே சம்பளம் என்று சொல்லியிருக்கிறேன். அக்கா ஒன்றும் பேசவில்லை. வேனில் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார், விரல் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.