வாழை இலை டிஎன்ஏ: கறையை நீர்க்கச் செய்தால் போதுமா, அரைக்கும்போதே நீக்க வேண்டுமா?

வைகைக்கரை:
திசு வளர்ப்புக்காகத் தேர்ந்தெடுக்கப்படும் வாழைத் தாய்க்கன்றுகளில் முடிக்கொத்து நோய் வைரஸ் இருக்கிறதா என்று பிசிஆர் (டிஎன்ஏவின் ஒரு பகுதியைப் பலமடங்கு பெருக்கிக் காணும் சோதனை) மூலம் பார்ப்பது என் வேலை. சென்ற வாரம் வந்த 24 மாதிரிகளில் 9 மாதிரிகளுக்கு பெருகிய டிஎன்ஏவைப் பட்டையாகக் காட்டும் ஜெல்லில் வைரஸுக்கான பட்டையும் இல்லை, வாழையின் சொந்த ஆக்டின் மரபணுவுக்கான பட்டையும் இல்லை. வாழை இலையிலிருந்து எடுத்த டிஎன்ஏவில் வாழை மரபணுவே தெரியவில்லை என்றால், இலையிலிருந்து கூடவே வந்த ஏதோ ஒன்று, டிஎன்ஏவைப் பெருக்கும் டாக் நொதியைத் தடுக்கிறது என்றுதான் பொருள். அதே டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து, வினைக்கலவையில் தடுப்பான்களைப் பற்றிக்கொள்ளும் பிஎஸ்ஏ புரதமும் சேர்த்தபோது, அந்த ஒன்பதில் எட்டு மாதிரிகளில் ஆக்டின் தெளிவாகத் தெரிந்தது. ஆகவே இலையை அரைக்கும்போது கறையைத் தடுக்கச் சேர்க்கும் மெர்காப்டோஎத்தனாலின் நாற்றத்தையும் நச்சையும் தாங்கிக்கொண்டு, டிஎன்ஏவைத் தூய்மையாக்கும் குளோரோஃபார்ம் கழுவலை இரண்டு மூன்று முறை செய்வது தேவையற்ற வேலை என்பது என் கருத்து.

குறிஞ்சிநிலம்:
நண்பரே, எட்டு மாதிரிகள் சரியாகிவிட்டன என்கிறீர்கள். எனக்கு அந்த ஒன்பதாவது மாதிரிதான் கவலை தருகிறது. நடுநரம்பை நறுக்கிய உடனே வெட்டுவாய் பழுப்பேறுவதை நீங்கள் நாள்தோறும் பார்த்திருப்பீர்கள். வாழைக்கறை வேட்டியில் பட்டால் எத்தனை முறை துவைத்தாலும் போவதில்லை. கல்வத்தில் நடப்பதும் அதுவே: செல் உடைந்ததும் கறைக்குக் காரணமான பாலிஃபீனால்கள் ஆக்ஸிஜனேற்றமடைந்து குவினோன்களாக மாறி, டிஎன்ஏவோடு பிணைந்துவிடுகின்றன. அப்படிப் பிணைந்த இழையைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்தாலும் அது பழுதுபட்ட இழைதான். 1987இல் டாயில் இணையர் வெளியிட்ட சிடிஏபி முறையை (சிடிஏபி என்ற சோப்பு போன்ற வேதிப்பொருளால் தாவர டிஎன்ஏவைப் பிரிக்கும் முறை) இன்றும் நாம் கைவிடாமல் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. மெர்காப்டோஎத்தனால் ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கிறது. கூடுதலாகச் சேர்க்கும் பிவிபி என்ற பலபடிச் சேர்மம், பாலிஃபீனால்களைப் பற்றிக்கொள்கிறது. ஆனால் இவை இரண்டும் இலை நசுங்கும் நொடியிலேயே அங்கே இருந்தாக வேண்டும், பழுப்பேறிய பிறகு சேர்த்துப் பயனில்லை.

பல்சர்க்கரை இன்னொரு தொல்லை. டிஎன்ஏவைப் படியவைக்க ஐசோபுரோப்பனால் ஊற்றியதும் குழாயின் அடியில் கஞ்சி ஆடையைப் போல வழவழப்பாக ஒரு படிவு தங்கி, பிபெட் முனையில் ஒட்டிக்கொண்டு வருமே, அது பெரும்பாலும் டிஎன்ஏ அன்று. சிடிஏபி கரைசலில் வழக்கமான 1.4 மோலார் உப்பை 2 மோலாருக்கு மேல் உயர்த்தினால், பல்சர்க்கரையில் பெரும்பகுதி டிஎன்ஏவோடு சேர்ந்து படியாமல் கரைசலிலேயே நின்றுவிடும். இதற்குக் கூடுதலாகச் செலவாவது உப்பு மட்டுமே.

வைகைக்கரை:
உப்பைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஒவ்வொரு கழுவலிலும் டிஎன்ஏவும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது என்பதை நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை. நீர்க்கச் செய்வதால் ஏற்படும் இழப்பையாவது அளந்து சொல்லிவிடலாம்: தூய டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்தால், நிகழ்நேரப் பிசிஆரில் சிடி மதிப்பு (டிஎன்ஏ கண்டறியும் அளவுக்குப் பெருகிய சுழற்சியின் எண்) ஏறத்தாழ 3.3 சுழற்சி தள்ளிப்போக வேண்டும். அதைவிடக் குறைவாகத் தள்ளிப்போனாலோ, முன்னைவிட விரைவாகவே வந்தாலோ, மூல மாதிரியில் தடுப்பான் இருந்தது என்று தெரிந்துவிடும். கழுவி எடுப்பதில் இப்படி ஓர் அளவுகோல் ஏது? தூய்மையைக் காட்டும் 260/230 ஒளி உறிஞ்சல் விகிதம் 2க்கு அருகில் வந்தும் பட்டை வராத மாதிரிகளை நான் கண்டிருக்கிறேன்.

தோப்புவழி:
இருவருக்கும் வணக்கம். நான் ஆய்வகத்தைச் சேர்ந்தவன் அல்லன்; வாழை பயிரிடுபவன். ஒரு நாற்றுக்கூடத்தில் நோயற்றவை என்ற சான்றோடு வாங்கிய கன்றுகளை நட்டேன். மூன்றாம் மாதத்தில் இலைக்காம்பில் கரும்பச்சைக் கோடுகள் புள்ளியும் கீற்றுமாகத் தோன்றின. பிறகு இலைகள் குறுகி, உச்சியில் கொத்தாக நிமிர்ந்து நின்றன. பக்கத்துத் தோப்பிலிருந்து அசுவினி கொண்டுவந்ததா, கன்றிலேயே இருந்ததா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஓரத்தில் தொடங்காமல் தோப்பு முழுவதும் ஒரே வாரத்தில் தெரிந்ததால், கன்றின் மீதுதான் ஐயம். ஒவ்வொரு மரமாக வேரோடு தோண்டி அழித்தேன். கீழ்ப்பழனி மலையில் மலைவாழை இந்த நோயால் எப்படிச் சுருங்கியது என்பதை அறிந்தவர்களுக்கு என் அச்சம் புரியும். நான் கேட்பது ஒன்றுதான்: "வைரஸ் இல்லை" என்று எழுதும்போது, உண்மையில் இல்லை என்பதற்கும் சோதனையே ஓடவில்லை என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நீங்கள் எப்படி உறுதிசெய்கிறீர்கள்?

குறிஞ்சிநிலம்:
ஐயா, நாங்கள் முதலிலேயே பேசியிருக்க வேண்டியது இதைத்தான். ஆக்டின் பட்டை வந்துவிட்டால் போதும் என்பது பலருடைய நம்பிக்கை. நானும் அப்படி நம்பியிருந்தேன். ஆனால் வாழையின் சொந்த மரபணு மாதிரியில் ஏராளமாக இருப்பதால், தடுப்பான் பாதி வேகத்தைக் குறைத்தாலும் அது எப்படியாவது வந்துவிடும். நோயின் தொடக்கத்தில் மிகக் குறைவாக இருக்கும் வைரஸோ அதே குழாயில் தெரியாமல் போய்விடும். இதில் நண்பர் வைகைக்கரையின் பத்து மடங்கு நீர்ப்பு அந்தக் குறைந்த வைரஸை இன்னும் குறைக்கிறது என்பதே என் முதன்மையான ஆட்சேபம். வாழையிலும் வைரஸிலும் இல்லாத ஓர் அயல் டிஎன்ஏவை, வைரஸ் எதிர்பார்க்கப்படும் அளவுக்கே மிகச் சிறிதாக, ஒவ்வொரு வினைக்குழாயிலும் கலந்துவிட வேண்டும். அது தூய நீரில் வரும் அதே சுழற்சியில் மாதிரியிலும் வந்தால்தான் "இல்லை" என்று கையொப்பமிடலாம். தாமதமாக வந்தால், அந்த மாதிரிக்கு முடிவு எழுதாமல் மீண்டும் இலை கேட்க வேண்டும்.

வைகைக்கரை:
ஆக்டின் பற்றிய இந்த வாதத்துக்கு என்னிடம் மறுப்பு இல்லை. அந்த எட்டு மாதிரிகளுக்கு எழுதி வைத்திருந்த "இல்லை" என்ற முடிவை அனுப்பாமல் நிறுத்திவிட்டேன். நீர்க்கச் செய்வதை நான் கைவிடப்போவதில்லை; தடுப்பான் இருப்பதைக் காட்டிக்கொடுக்க அதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. ஆனால் அதை முடிவு எழுதுவதற்குப் பயன்படுத்த மாட்டேன். திங்களன்று ஒன்பது கன்றுகளிலிருந்தும் விரியாத குருத்திலையின் நடுநரம்பைப் புதிதாக வாங்குகிறேன். வைரஸ், இலையில் உருவான உணவைக் கடத்தும் திசுவிலேயே (புளோயம்) தங்குவதால் அங்கேதான் தேட வேண்டும். இளம் இலையில் பாலிஃபீனாலும் குறைவு. பிவிபியும் கூடுதல் உப்பும் சேர்த்து அரைத்து, அயல் டிஎன்ஏ கலந்து ஓட்டிப் பார்த்து, ஒன்பதுக்கும் சிடி மதிப்புகளை இங்கேயே பதிவிடுகிறேன்.