புதுப்பிப்பு: கிட்னி பலவீனமான அப்பாவுக்குக் கௌட் வலி, கடைசியில் எது கேட்டது

கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) 2-க்கு மேல் இருக்கும் அப்பாவுக்குக் கௌட் (யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் வாதம்) வலிக்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்டிருந்தேன், பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. கிட்னிக்கு ஆகாத வலி மாத்திரையான டைக்ளோஃபெனாக் பக்கமே போகாதீர்கள், ஸ்டீராய்டு மருந்தான ப்ரெட்னிசோலோன் பற்றி டாக்டரிடம் கேளுங்கள் என்று ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது. சீக்கிரமே பெருவிரல் வீக்கம் வடிந்து செருப்பு மாட்ட முடிந்தது, ஆனால் அந்த ஸ்டீராய்டால் சுகர் எகிறிவிட்டது, அதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

அப்புறம், பிரஷர் மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதயசைடு (சிறுநீரை அதிகம் போக வைக்கும் மருந்து) இருக்கிறதா பாருங்கள் என்று இங்கே வந்த யோசனை. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது! அது யூரிக் அமிலத்தை ஏற்றும் என்று டாக்டர் அதை நிறுத்திவிட்டு லோசார்டான் என்ற பிரஷர் மருந்தை மட்டும் வைத்தார். யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினால் மாத்திரையை 50 மில்லிகிராமில் தொடங்கி மெதுவாக ஏற்றுகிறார், யூரிக் அமிலம் 6-க்குக் கீழே வர வேண்டுமாம். தொடங்கிய புதிதில் மறுபடி வலி வந்தது. அது சகஜம், மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்றார்.